இந்தியாவைப் பார்த்து நின்ற அன்ரனா

எங்கள் வீட்டுக்கு இணையம் குசினி யன்னலால் மட்டும்தான் வரும். மல்லாவியில் நிற்கிற தொலைபேசி ரவருக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு தேக்கங்காடு. அந்தக் காட்டுக்குள்ளால் வருகிற சிக்னல் களைத்து விழுந்து யன்னல் கட்டையில் குந்திவிடும். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காது. அதனால் ரவுட்டரை உப்புப் போத்தலுக்கும் மிளகாய்த்தூள் போத்தலுக்கும் நடுவில் வைத்திருந்தோம். ஒருமுறை தேங்காய் வாங்க வந்த ஒரு மனிதர் அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்க ஒண்டும் இல்லைப்போல" என்று சொல்லி வைத்தார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

இப்படியே காலம் போயிருக்கும். செய்தி வாசிக்கவும், மற்றவர்களுடைய கலியாண வீட்டுப் படங்களைப் பார்த்து நொட்டை சொல்லவும் எனக்கு அது போதுமாக இருந்தது. மனைவிக்குத்தான் போதாமல் போனது.

அவள் முன்பள்ளி ஆசிரியை. சின்னக் கதிரைகளில் குந்தி எழும்பிக் குந்தி எழும்பி முழங்கால் இரண்டும் பழுதாகி, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். வீட்டில் அவளுக்குப் படிப்பிக்க மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை நான். நான் முன்னேறவில்லை. இரைச்சல் இல்லாத வீட்டில் அவள் வாடிப்போனதை நானும் கண்டேன். கண்டும், பகிடி விட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் நோர்வேயில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. அங்கே இருக்கிற சில தமிழ்த் தாய்மார் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்க ஊரில் ஒரு ஆளைத் தேடினார்களாம். தூரத்து உறவு ஒன்று என் மனைவியைச் சொல்லிவிட்டது. மூன்று சனிக்கிழமை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். அங்கே காலை, இங்கே பின்னேரம். மனைவி அலுமாரிக்குள் கிடந்த படங்களையும் வண்ண மட்டைகளையும் வெளியே எடுத்தாள். நல்ல சேலையைக் கட்டினாள். குசினி மேசையில் மடிக்கணினியை வைத்து முன்னால் இருந்தாள்.

முதற் சனிக்கிழமை "அம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தவள், நோர்வேயில் அப்படியே உறைந்து நின்றுவிட்டாள். இரண்டாம் சனிக்கிழமை "வணக்கம்" முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு கையைக் கூப்பியபடி உறைந்தாள். பிள்ளைகளின் தாய்மாரில் ஒருத்தி குரல்பதிவு போட்டிருந்தாள்: "ரீச்சர், குறை நினையாதேங்கோ. பிள்ளையள் உங்களைப் படமெண்டு நினைக்குதுகள். இந்தக் கிழமையும் நிண்டால் நாங்கள் வேற ஆளைத்தான் பாக்கோணும்."

மனைவி அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இது வேணுமப்பா."

அவள் என்னிடம் வேணும் என்று கேட்பது அபூர்வம். நான் உடனே மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

போன் கடைக்காரர் ஒரு நீளப் பெட்டியைத் திறந்து மீன்முள் போல ஒரு அன்ரனாவை எடுத்துக் காட்டினார். அதிலிருந்து இரண்டு கறுப்பு வயர்கள் தொங்கின. "அண்ணை, இதை உயரத்தில ஏத்துங்கோ. ரவுட்டருக்குப் பின்னால ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழட்டினால் ரெண்டு பொன்நிறச் சுரை தெரியும். அதிலதான் பூட்டோணும். கவனம், வேற இடத்தில பூட்டிப்போடாதேங்கோ."

நான் தலையாட்டினேன். முழுதாகக் கேட்டுத் தலையாட்டினேனா என்றால், இல்லை. அன்ரனா விசயத்தில் எனக்கு ஒருவர் பாடம் எடுப்பதா என்ற எண்ணம் அவர் பேசி முடிக்கும் வரை காதை அடைத்துக்கொண்டு நின்றது.

அதற்கு நியாயம் இருக்கிறது. சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் எங்கள் வீதியில் ஏறிய ரீவி அன்ரனாக்களில் பாதி என் கையால் ஏறியவை. கமுகு, இரும்புப் பைப்பு, கிணற்றுக் கட்டில் நட்ட மரம் என்று எதில் கட்டினாலும் சட்டம் ஒன்றுதான்: இந்தியாவைப் பார்த்துக் கட்டு. கடலுக்கு அங்கால் இருந்துதான் படம் வரும், பாட்டு வரும், நாடகத்தில் மாமியார் வருவார். கண்ணைக் கட்டி வயலில் விட்டாலும் இந்தியா எந்தப் பக்கம் என்று நான் காட்டுவேன். வேறு எந்தத் திசையும் எனக்கு நிச்சயம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, வயலுக்கு அந்தப் பக்கத்து வளவு மச்சானைக் கூப்பிட்டேன். உறவில் மச்சான் இல்லை. உழவு மெசின் வைத்திருக்கிறவன், எதற்குக் கூப்பிட்டாலும் வருகிறவன், வந்தால் போகாதவன். இருவரும் ஒரு பழைய தண்ணீர்ப் பைப்பின் நுனியில் மீன்முள்ளைக் கட்டி, தண்ணீர்த் தாங்கியின் தூணோடு சேர்த்து நிமிர்த்தினோம். பிறகு நான் வயர் இரண்டையும் யன்னலுக்குள்ளால் விட்டு, குசினிக்குள் போய் ரவுட்டரைத் திருப்பினேன். பின்னால் இரண்டு குட்டிக் கொம்புகள் நின்றன. அன்ரனா வந்த பிறகு கொம்பு எதற்கு என்று இரண்டையும் திருகிக் கழற்றி அந்த இடத்தில் வயரைப் பூட்டினேன். முதலில் பூட்டுப்படவில்லை. பெட்டிக்குள் ஒரு சின்னப் பையில் கிடந்த இணைப்புத் துண்டுகளைப் போட்டுத் திருகியதும் பூட்டுப்பட்டது. பூட்டுப்பட்டால் சரி என்பதுதான் என் தொழில்நுட்பம்.

அதன் பிறகு எங்கள் பழைய முறைப்படி வேலை நடந்தது. ரீவி அன்ரனா கட்டிய எல்லாருக்கும் அந்த முறை தெரியும். ஒரு ஆள் பைப்பைத் திருப்புவார். ஒரு ஆள் ரீவிக்கு முன்னால் இருப்பார். நடுவில் நிற்கிற ஆள் இரண்டு பக்கமும் கத்துவார். மச்சான் பைப்பில், மனைவி ரவுட்டருக்குப் பக்கத்தில் போனோடு, நான் நடுவில்.

"இப்ப?" என்றான் மச்சான்.

"இப்ப எப்பிடி?" என்று நான் குசினிக்குள் கத்தினேன்.

"பொறுங்கோ, பாக்குது," என்றாள் மனைவி. இணையத்தின் வேகத்தைக் காட்டுகிற முள் அவளுடைய போனில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"பொறுக்கட்டாம்!"

பொறுக்கச் சொன்னது மச்சானுக்குக் கேட்பதற்குள் அவன் இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டான். ரீவியில் திருப்பினால் அந்த நொடியே படம் புள்ளி விழும், அல்லது தெளியும். இந்தச் சாமான் ஆற அமர யோசித்துத்தான் மறுமொழி சொன்னது.

"ஆ, வந்திட்டுது! விடாதேங்கோ!" என்று மனைவி கத்தினாள்.

"விடாதையாமடா!"

"எதை விடாமல்? அது போய் மூண்டாம் திருப்பு இது!"

"அப்ப பின்னுக்கு வா!"

"போயிட்டுது, போயிட்டுது!" என்றாள் மனைவி.

"முன்னுக்குப் போ!"

"டேய், நான் என்ன பஸ்ஸே ரிவேர்ஸ் எடுக்கிறன்?"

கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே முடிவுக்கு வந்தோம். இந்தியாவைப் பார்க்க வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம். தேத்தண்ணி குடிக்கக் குசினிக்கு வந்தால், மனைவி போனைப் பிடித்தபடி பேயறைந்தவள் போல நின்றாள்.

"இப்ப வைஃபையே இல்லை."

"எப்பிடி இல்லாமல் போகும்?"

"ரவுட்டரோட காதை வைச்சால் கொஞ்சம் இருக்கு. மேசைக்கு வந்தால் இல்லை."

ரவுட்டரை எரித்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். முகர்ந்து பார்த்தேன். மிளகாய்த்தூள் மணத்தது. தும்மினேன். "ஒண்டும் இல்லை, அது குளிர்ந்தவுடன சரிவரும்" என்று வாய் சொன்னது. நாளைய பின்னேரத்துக்குள் வேறு ரவுட்டர் எங்கே வாங்குவது, மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பது, ஓமந்தையில் இருக்கிற என் தமையன் வீட்டில் எத்தனை நாள் நின்றால் அவளுக்குக் கோபம் ஆறும் என்று மனம் வேறு கணக்குப் போட்டது.

அப்போது வயலுக்கு அந்தப் பக்கம் இருந்து மச்சானின் மனைவியின் குரல் கேட்டது.

"அண்ணை! உங்கட வைஃபை எங்கட மாட்டுக்கொட்டிலுக்க நல்லா வருது! முழுக்கோடும் நிக்குது!"

மச்சானின் வீடு இந்தியா இருக்கிற பக்கம். அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வைஃபையில் நாடகம் பார்க்கிறவள். அவளுடைய போன் பழக்கம் மறக்காமல் தானே ஒட்டிக்கொண்டுவிட்டது. மச்சான் முகத்தில் வந்த சந்தோசத்தை மறைக்க ஒரு முயற்சியும் எடுக்கவில்லை.

"மச்சான், இப்பிடியே விடு. உனக்கு ஒரு லீற்றர் பால் ஒவ்வொரு நாளும் வரும்."

மனைவி ரவுட்டரைக் கவிழ்த்தாள். நான் கழற்றி வைத்த கொம்புகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஒரு மூடியை நெம்பினாள். உள்ளே இரண்டு பொன்நிறச் சுரைகள் மினுங்கின.

"இந்தக் கொம்பு ரெண்டும் வீட்டுக்குள்ள வைஃபை தாறது. நீங்கள் அதைக் கழட்டி மாட்டுக்கு அனுப்பியிருக்கிறியள். ரவருக்குப் போறது இதுக்கு. கடையில சொல்லேல்லையோ?"

"சொன்னவர்."

"நீங்கள் கேட்டியளோ?"

"தலையாட்டினனான்."

கொம்புகள் பழைய இடத்துக்குப் போயின. வயர்கள் பொன்நிறச் சுரைக்கு வந்தன. ஆனாலும் முள் ஏறவில்லை. மனைவி முற்றத்துக்கு வந்து, நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தாள். பிறகு மறுபக்கம் திரும்பினாள். தேக்கமரங்களுக்கு மேலால் சிவப்பும் வெள்ளையுமாக மல்லாவி ரவரின் தலை தெரிந்தது.

"ரவர் இஞ்சால நிக்குது. நீங்கள் ஏன் அங்கால பாக்க வைச்சிருக்கிறியள்?"

"அன்ரனா எண்டால் இந்தியாவைத்தான் பாக்கும்," என்று நானும் மச்சானும் ஒரே குரலில் சொன்னோம்.

அவள் எங்களைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. முன்பள்ளியில் களிமண்ணைத் தின்ற பிள்ளைகள் அதைக் கண்டிருப்பார்கள்.

திருப்பினோம். முள் ஒரே பாய்ச்சலில் ஏறியது. பரீட்சித்துப் பார்க்கக் குரல்பதிவு போட்ட நோர்வேத் தாயை அழைத்தோம். அவளுடைய மூக்குத்தியின் மினுக்கம் கூடத் தெரிந்தது. மனைவி சிரித்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். புறப்பட்டுக்கொண்டிருந்த மச்சான்தான் அண்ணாந்து பார்த்து, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னான்.

"நல்ல உயரம் மச்சான். இடி முழங்கினால் வயரைக் கழட்டிப்போடு. இல்லாட்டி நேர குசினிக்குள்ளதான் இறங்கும்."

அதோடு என் நிம்மதி போயிற்று. ஐப்பசி மாதம். பின்னேரம் ஆனால் முகில் கட்டுகிற காலம். எனக்கு இடிக்குப் பயம். நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், அரச அலுவலகத்தில் இருந்து வருகிற தொலைபேசிக்கும் பயம். ஆனால் அவற்றோடு பேசிச் சமாளிக்கலாம். இடியோடு என்ன பேசுவது?

சனிக்கிழமை பின்னேரம் மனைவி மேசையில் இருந்தாள். ரவுட்டர் அவளுடைய முதுகுக்குப் பின்னால் யன்னலில். நான் வாசல் நிலையோடு ஒட்டி நின்றேன். படம் கண்ணாடி போல வந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் துல்லியமாகத் தெரிந்தார்கள்.

அதுதான் பிரச்சினை. போன கிழமைகளில் படம் உறைந்தபோது, பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஒருவன் கொட்டாவி விட்டான். அவனுடைய அண்ணாக்குவரை தெளிவு. ஒருத்தி வேறு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்மணிகள் இடமும் வலமும் ஓடின. குரல்பதிவு போட்ட தாய் தன் மகளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

மனைவி காகத்தின் படத்தைக் காட்டினாள். "இது என்ன, பிள்ளையள்?"

ஒரு சத்தமும் இல்லை.

"கா... கா... எண்டு கத்தும். ஆர் சொல்லுவினம்?"

ஒருவரும் சொல்லவில்லை. கையைக் கட்டியிருந்த தாய் மணிக்கூட்டைப் பார்த்தாள். மனைவியின் குரல் இறங்குவது எனக்குக் கேட்டது. மேசைக்குக் கீழே அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் எத்தனையோ பாடுபட்டு அவளுடைய தோல்வியை இவ்வளவு தெளிவாக நோர்வேக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது.

தூரத்தில்தான். ஆனால் என் உடம்புக்குத் தூரம் விளங்காது. வயரைக் கழற்றினால் வகுப்பு நின்றுவிடும், அவளுடைய கடைசிச் சந்தர்ப்பம் அது. கழற்றாவிட்டால் மின்னல் குசினிக்குள் இறங்கி அவளுடைய முதுகில் அடிக்கும். இரண்டாவது உறுமல் கொஞ்சம் கிட்டக் கேட்டதும் முடிவு எடுத்தேன். முடிவு எடுத்தது நான் என்று சொல்ல முடியாது, கால்கள்தான். மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றைத் தலையில் போட்டேன். றப்பர் செருப்பு. வயலுக்கு மருந்தடிக்கும்போது போடுகிற நீளக் கையுறை. மின்சாரம் பாயாத ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும் என்று சிரட்டை அகப்பை. இவ்வளவோடும், கமெராவில் விழாமல் இருக்க, நாலு காலில் குசினிக்குள் தவழ்ந்தேன்.

மேசையைத் தாண்டும்போது ஹெல்மெற் கதிரைக் காலில் இடித்து 'டொங்' என்றது. மனைவி திரும்பவில்லை. நான் அவளுடைய முதுகுக்குப் பின்னால் போய், யன்னலைப் பிடித்து மெல்ல எழும்பினேன்.

முதலில் கேட்டது ஒரு கிறீச்சிட்ட சிரிப்பு. பிறகு இன்னொன்று. கண்மணி ஓடிய பிள்ளை ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையோடு முகத்தை ஒட்டியது.

"அது யார்?"

தமிழில் கேட்டது. மூன்று சனிக்கிழமையிலும் அந்தப் பிள்ளைகளிடமிருந்து வந்த முதல் தமிழ்.

மனைவி திரையில் தன் தோளுக்கு மேலால் ஒரு ஹெல்மெற் முளைத்து நிற்பதைக் கண்டாள். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். திறந்தபோது வந்த குரலை நான் கன காலமாகக் கேட்கவில்லை. முன்பள்ளிக் குரல்.

"ஆ, இது ஆர் பிள்ளையள்? இது மாமா! எல்லாரும் சொல்லுங்கோ பாப்பம்!"

"மாமா!"

"மாமாவின்ர தலையில என்ன?"

"ஹெல்மெற்!"

"கையில என்ன?"

அதற்குச் சொல் தெரியவில்லை. "அகப்பை" என்று சொல்லிக் கொடுத்தாள். ஏழெட்டு வாய்கள் அகப்பை, அகப்பை என்று கத்தின. நான் வயரில் கையை வைத்தேன். அவள் தன் காலால் என் செருப்பை மிதித்துக்கொண்டாள்.

"விடப்பா, இடி கிட்ட வந்திட்டுது," என்று குசுகுசுத்தேன்.

அவள் திரையைப் பார்த்துச் சிரித்தபடியே, பல்லுக்குள்ளால் சொன்னாள்: "அசைஞ்சியளெண்டால் இண்டைக்கு இடி நான்தான்."

வெளியே பெரிய ஒரு முழக்கம் விழுந்தது. நான் அகப்பையோடு துள்ளினேன். நோர்வே முழுவதும் சிரித்தது.

"மாமா ஏன் துள்ளினவர்?" என்று கேட்டாள் மனைவி.

கையைக் கட்டியிருந்த தாயின் மகள், சின்னப் பெண், நாக்கை உதட்டில் வைத்து யோசித்துச் சொன்னாள்: "மாமாக்குப் பயம்."

தாயின் கட்டிய கை அவிழ்ந்தது.

இடி, மின்னல், முகில் என்று எல்லாம் வந்தது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் நான் துள்ள, ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சொல் பிறந்தது. கடைசியில்தான் அவளுக்கு இரக்கம் வந்தது. "மாமா இப்ப வயரைக் கழட்டப் போறார். ரீச்சரும் போகப் போறன். எல்லாரும் போயிட்டு வாறம் எண்டு சொல்லுங்கோ." அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் சுரையைத் திருகினேன். ஒன்று கழன்றதும் படம் நின்றது. ஹெல்மெற்றுக்குள் வாயைப் பிளந்தபடி நான் திரையில் உறைந்து நின்றேன்.

முகில் துணுக்காய்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. எங்கள் வளவில் நாலு துளி விழுந்தது. மனைவி தேத்தண்ணி தந்தாள், சீனி போடவில்லை. நான் ஹெல்மெற்றைக் கழற்றத் துணியாமல் குடித்தேன்.

போன் 'டிங்' என்றது. குரல்பதிவு.

"ரீச்சர், என்ர மகள் வீட்டில தமிழில வாயே துறக்கிறேல்லை. இப்ப அகப்பை எடுத்துக்கொண்டு ஓடித்திரியிறாள். எல்லாரும் கதைச்சனாங்கள், நீங்களே படிப்பியுங்கோ. ஒரேயொரு கேள்வி. அந்த மாமாவும் ஒவ்வொரு கிழமையும் வருவாரோ?"

மனைவி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு என் கோப்பையை வாங்கிச் சீனி போட்டுக் கலக்கியபடி கேட்டாள்: "அடுத்த சனிக்கிழமைக்கு என்னத்துக்குப் பயப்பிடப் போறியள்?"

"எனக்கென்ன, நினைச்ச நேரத்தில பயம் வருமோ?"

"நினையாத நேரமெல்லாம் வருது. இதையும் ஒரு நேரசூசிக்குக் கொண்டாங்கோ."

இருந்து யோசித்தோம். பல்லி சின்னது, கமெராவில் தெரியாது என்று தள்ளினாள். ஊசிக்கு ஆள் தேட வேண்டும். நாய் வேண்டாம் என்று நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில் மச்சான் வீட்டுச் சேவல் என்று முடிவானது. அது ஆளைக் கண்டால் கண்ணைத்தான் குறிவைக்கும். மச்சான் பெருந்தன்மையோடு சம்மதித்தான். தன் மாட்டுக்கொட்டிலுக்கு வைஃபை இல்லாமல் போன கோபமும் அவனுக்கு இருந்தது.

சனிக்கிழமை சேவல் சாக்கில் வந்தது. நடிக்க வேண்டும் என்று நான் காலையிலிருந்து பழகியிருந்தேன். சாக்கின் வாயை அவிழ்த்ததும் நடிப்புக்குத் தேவை வரவில்லை. அது பறந்து குசினி மேசைக்கு வர, நான் பறந்து கதிரைக்குப் போனேன். மனைவி சேவலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, கையைக் காதில் வைத்து, காத்திருந்தாள்.

"மாமா கதிரையில ஏறிட்டார், ரீச்சர்!" என்று நோர்வேயிலிருந்து ஒரு முழு வசனம் வந்தது.

"கெட்டிக்காரி," என்றாள் மனைவி. "இப்ப சேவல் எங்க ஏறப் போகுது?"